ராத்திரி பதினொன்றரை, படூர், எதிரில் நாலு நாய்

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தித் தரப்படுகிறது.)

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயத்துக்கு ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற யாருக்கும் அறிமுகம் தேவையில்ல.

ஷிஃப்ட் முடிச்சு படூர்ல கேப்ல இருந்து இறங்குறீங்க. மணி ராத்திரி பதினொன்றரை. மெயின் ரோட்ல வெளிச்சம் இருக்கு. உள் ரோட்ல திரும்பினா ஒரு பக்கம் அபார்ட்மென்ட் காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் முள்ளு மண்டிக் கிடக்கிற காலி மனை. நடுவுல நாலு நாய். ஒண்ணு எழுந்திருக்கு. அதைப் பார்த்து மத்த மூணும் எழுந்திருக்கு. இப்போ என்ன பண்ணுவீங்க?

நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இதுக்கு பதில் தெரியாது. ஓடுவோம், இல்ல கத்துவோம், இல்ல கல்லைத் தேடுவோம். கடி பட்டுட்டா மஞ்சள் வச்சுட்டு "காலைல பாத்துக்கலாம்"னு தூங்கிடுவோம். தோணுறதைச் செய்யறோம். ஆனா நாய் விஷயத்துல நமக்குத் தோணுறதுல பாதி தப்பா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். நாம தப்பிச்சா போதும்னு நினைச்சு செய்யற சில காரியங்கள், அடுத்து அந்த வழியா வர்றவங்களுக்குக் கடியா முடியுது. அந்த அடுத்தவர் யாரு? சாப்பாடு டெலிவரி கொண்டு வர்ற தம்பி, விடியக்காலைல வீட்டு வேலைக்கு நடந்து வர்ற அக்கா, கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன், டியூஷன் போற குழந்தை. அதனால இந்த எபிசோட் ரெண்டு பேருக்கானது: நீங்க, உங்களுக்குப் பின்னாடி வர்றவர்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

தமிழ்நாட்டுல 2024-ஆம் ஆண்டுல மட்டும் பதிவான நாய்க்கடி ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம். அதே வருஷம் ரேபிஸ் வந்து இறந்தவங்க 43 பேர். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, உலகத்துல ரேபிஸால இறக்கிறவங்கள்ல 36 சதவீதம் இந்தியாவுல. அதுல குழந்தைங்க ரொம்ப அதிகம்.

4 லட்சத்து 80 ஆயிரம் எங்க, 43 எங்கன்னு தோணலாம். ஆனா ரேபிஸ்ல ஒரு கொடுமை இருக்கு. அறிகுறி ஆரம்பிச்சிடுச்சுன்னா கிட்டத்தட்ட யாரும் பிழைக்கிறதில்ல. அதே சமயம், கடிச்ச உடனே சரியானதைச் செஞ்சுட்டா கிட்டத்தட்ட யாரும் சாக வேண்டியதில்ல. அந்த மரணங்கள்ல ரொம்பப் பெரும்பாலானதைத் தடுத்திருக்கலாம். அதனாலதான் இதைப் பேசறோம்.

நாய் ஏன் பாயுது?

நம்மகிட்ட ஒரு நினைப்பு இருக்கு. குரைச்சா "வெறி பிடிச்ச நாய்"னு சொல்லிடுவோம். உண்மையில, உறுமிக்கிட்டு வர்ற நாய்ல ரொம்பவே பெரும்பாலானதுக்கு ரேபிஸ் கிடையாது. அது உங்களைத் தின்ன வரல. "இங்க இருந்து போ"னு சொல்லுது. அதுக்குக் காரணங்கள் சிலதுதான். அதோட இடத்துக்குள்ள நீங்க வந்திருக்கீங்க. பக்கத்துல அதோட குட்டி இருக்கு. அது சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. அதுக்கு எங்கேயோ வலி இருக்கு. இல்ல, யாரோ முன்னாடி அடிச்சது அதுக்கு ஞாபகம் இருக்கு. இனச்சேர்க்கை காலத்துல நாய்ங்க கூட்டமா சுத்தும்போது தனி நாய்கிட்ட இல்லாத தைரியம் கூட்டத்துக்கு வந்துடும்.

கடிக்கிறதுக்கு முன்னாடி நாய் பெரும்பாலும் சொல்லிட்டுத்தான் கடிக்கும். உடம்பு விறைக்கும். முதுகு முடி சிலிர்க்கும். காது முன்னாடி நிமிரும், இல்ல பின்னாடி ஒட்டிக்கும். ஓரக்கண்ணால பார்க்கும்போது கண்ணோட வெள்ளை தெரியும். வாயை மூடி, அப்படியே அசையாம நிக்கும். அப்புறம் உறுமல், பல். ஒண்ணு கவனிங்க: வால் ஆட்டினா நட்புன்னு அர்த்தம் இல்ல. உடம்போட சேர்ந்து தளர்வா ஆடுற வால் வேற. தூக்கி நிறுத்தி, விறைப்பா, சின்னதா ஆடுற வால் வேற. ரெண்டாவதைப் பார்த்தா கிட்ட போகாதீங்க.

ரேபிஸ் வந்த நாய் எப்படி இருக்கும்? நடை தள்ளாடலாம், எச்சில் ஒழுகலாம், குரல் மாறலாம், காரணமே இல்லாம கண்ணுல பட்டதையெல்லாம் கடிக்கலாம். ஆனா இன்னொரு வகை இருக்கு. சத்தமே இல்லாம, இருட்டு மூலையில முடங்கிக் கிடக்கும். "பாவம், உடம்பு சரியில்ல போல"னு கையை நீட்டுறவங்கதான் அங்க மாட்டிக்கிறாங்க. திடீர்னு குணம் மாறின நாயை, அது நீங்க தினமும் பிஸ்கட் போடுற நாயா இருந்தாலும், தொடாதீங்க.

நடந்து போகும்போது

முதல் வேலை, இயர்போனைக் கழட்டுங்க. ராத்திரி உள் ரோட்ல ரெண்டு காதும் அடைச்சிருந்தா உறுமல் கேக்காது. போன் டார்ச்சைத் தரையைப் பார்த்து அடிங்க. படுத்திருக்கிற நாயைத் தெரியாம மிதிக்கிறதுதான் நிறைய கடிக்கு ஆரம்பம்.

நாய் உங்களைப் பார்த்து வந்துடுச்சு. ஓடாதீங்க. ஓடுற எதையும் துரத்துறது நாயோட ரத்தத்துல இருக்கு. அந்த ஓட்டத்துல நம்மால ஜெயிக்க முடியாது. நில்லுங்க. பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க, நேரா நெஞ்சை நிமித்தி இல்ல. கையை உடம்போட சேத்து வச்சுக்கோங்க. கண்ணுக்கு கண் முறைக்காதீங்க, ஆனா நாய் எங்க இருக்குன்னு ஓரமா பாத்துக்கிட்டே இருங்க. குழந்தைங்களுக்கு இதை "மரம் மாதிரி நில்லு"னு சொல்லிக் கொடுக்கலாம். மரத்தை நாய் துரத்தாது.

கொஞ்ச நேரத்துல நிறைய நாய் நின்னு மோந்து பார்க்கும், குரைக்கும், சலிச்சுப் போகும். அது இடைவெளி விட்டதும் மெதுவா, முதுகைக் காட்டாம, பின்னாடி அடி எடுத்து வச்சு வெளிய வாங்க. கூட்டமா இருந்தா உங்க முதுகுப் பக்கம் ஒரு சுவரோ காரோ இருக்கிற மாதிரி நகருங்க, பின்னாடி இருந்து வராது.

இன்னும் நெருங்குதா? உங்களுக்கும் அதுக்கும் நடுவுல எதையாவது வைங்க. லேப்டாப் பை, ஹெல்மெட், குடை எதுவா இருந்தாலும் சரி. கடிச்சாலும் அதைக் கடிக்கட்டும். கீழ் ஸ்தாயில, உறுதியா, "போ" அப்படின்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. கீச்சுனு அலறினா அதுக்கு இன்னும் வேகம் வரும்.

கல் எடுக்கிற மாதிரி குனியறது? நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தை இது. பல தெருநாய்கிட்ட வேலையும் செய்யும், ஏன்னா ஏற்கெனவே கல்லடி பட்டிருக்கு. ஆனா குட்டி போட்ட தாய்கிட்டயோ, மூலையில மாட்டின நாய்கிட்டயோ இது எடுபடாது. குனியும்போது உங்க முகம் அதோட வாய் உயரத்துக்கு வந்துடுது. நிஜமாவே கல்லால அடிச்சீங்கன்னா, நீங்க போயிடுவீங்க, அந்த நாய் அங்கேயேதான் இருக்கும். அடுத்து வர்றவர் கையைத் தூக்கினாலே பாயும்.

கீழ விழுந்துட்டீங்கன்னா, எழுந்து ஓடப் பார்க்காதீங்க. முட்டியை வயித்தோட மடக்கி உருண்டையா சுருண்டுக்கோங்க. ரெண்டு கையையும் கழுத்துக்குப் பின்னாடி கோத்து, முழங்கையால முகத்தையும் காதையும் மறைங்க. கழுத்து, முகம், தலை, இதைக் காப்பாத்துறதுதான் முக்கியம்.

பைக்ல போகும்போது

நாய் துரத்தி பைக்ல போறவங்களுக்கு வர்ற பெரிய காயம் பல சமயம் கடியால இல்ல, விழுறதால. நாய் வருதுன்னு ஆக்சிலேட்டரை முறுக்கறோம், காலைத் தூக்கறோம், ஹேண்டில் ஆடுது, எதிர்ல வண்டி.

நாய்ங்க இருக்கிற இடம்னு தெரிஞ்சா முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, ஒரே சீரா போங்க. துரத்த ஆரம்பிச்சாலும் காலை ஃபுட்ரெஸ்ட்லயே வைங்க, உதைக்காதீங்க. பின்னாடி உக்காந்திருக்கிறவங்களும் அசையாம இருக்கணும், அதை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மெதுவா வேகத்தைக் குறைச்சா, துரத்துறதுக்கு எதுவும் இல்லாம நிறைய நாய் விட்டுடும். சைக்கிள்னா இறங்கி, சைக்கிளை நடுவுல வச்சுத் தள்ளிக்கிட்டே போங்க. "நாய் துரத்தும்போது மெதுவா போறதா?"னு கேப்பீங்க. கஷ்டம்தான். அதனாலதான் வீட்ல உக்காந்து, தெளிவா இருக்கும்போதே இதை முடிவு பண்ணி வைக்கணும்.

அடுத்தவர் மேல பாயும்போது

2024 மே 5, சென்னை ஆயிரம் விளக்கு. மாடல் ஸ்கூல் ரோட்டுல இருக்கிற மாநகராட்சிப் பூங்கா. அங்க காவலாளியா வேலை பார்த்தவரோட 5 வயசு பெண் குழந்தை மேல ரெண்டு ராட்வீலர் நாய்கள் பாய்ஞ்சது. தலையில பலத்த காயம், அறுவை சிகிச்சை. நாய்களோட உரிமையாளர் கைதானார். அடுத்த வருஷம், 2025 ஆகஸ்ட்ல, ஜாபர்கான்பேட்டையில 55 வயசுக்காரர் ஒருத்தர் பிட்புல் நாய் கடிச்சு இறந்தே போனார்.

இந்த ரெண்டும் தெருநாய் இல்ல, வீட்டு நாய். "ஆக்ரோஷமான நாய்"னு சொன்னதும் நம்ம மனசுக்குத் தெருநாய்தான் வருது. ஆனா வீட்டு நாய் விஷயத்துல ஒரு வித்தியாசம் இருக்கு. அங்க பொறுப்பு எடுத்துக்க வேண்டிய ஆள், பேரோட, முகவரியோட இருக்கார்.

கண்ணு முன்னாடி நாய் ஒரு குழந்தை மேல பாயுதுன்னா என்ன பண்றது? பாயறதுக்கு முன்னாடின்னா, குழந்தையை உங்களுக்குப் பின்னாடி தள்ளி, நடுவுல நில்லுங்க. தலைக்கு மேல தூக்காதீங்க, நாய் எம்பும். ஏற்கெனவே கடிச்சுப் பிடிச்சிருந்தா, குழந்தையைப் பிடிச்சு இழுக்காதீங்க. இழுத்தா சதை கிழியும். நாய் மேல ஒரு பக்கெட் தண்ணியை ஊத்துங்க. போர்வை, சட்டை, கோணி, கிடைச்சதை அது தலை மேல போடுங்க. நாற்காலி, குப்பைத் தொட்டி மூடி, ஹெல்மெட், எதையாவது நடுவுல நுழைங்க. வெறுங்கையை மட்டும் வாய்ப் பக்கம் கொண்டு போகாதீங்க. கத்தி ஆளைக் கூப்பிடுங்க, 108-க்கு ஒருத்தரை போன் பண்ணச் சொல்லுங்க. ரெண்டு நாய் சண்டை போட்டாலும் இதே விதிதான்: நடுவுல கையை விடாதீங்க.

இனி, நாய் வளர்க்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை. "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" அப்படிங்கிறது உங்க அனுபவம். லிஃப்ட்ல உங்ககூட ஏறுற பாட்டிக்கு அந்த அனுபவம் கிடையாது. வெளிய கூட்டிட்டு வந்தா கயிறு கையில இருக்கணும், உங்களால பிடிச்சு நிறுத்த முடியற அளவுக்குக் குட்டையா இருக்கணும். பலமான நாய்னா வாய்மூடியும் வேணும். டெலிவரிக்கு ஆள் வரும்போது நாயை இன்னொரு ரூம்ல விட்டுட்டு அப்புறம் கதவைத் திறங்க. குழந்தையையும் நாயையும் தனியா விட்டுட்டு அந்தப் பக்கம் போகாதீங்க.

இது மரியாதைக்காக மட்டும் இல்ல, சட்டமும் இருக்கு. தன்கிட்ட இருக்கிற விலங்கால மனுஷங்களுக்கு ஆபத்து வராம பார்த்துக்கத் தவறினா, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291 படி 6 மாசம் வரைக்கும் சிறை, இல்ல 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல இது 289-வது பிரிவா இருந்தது. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பர்ல பிட்புல், ராட்வீலர் ரெண்டுக்கும் புது உரிமம் கிடையாதுன்னு முடிவு பண்ணினது. ஏற்கெனவே உரிமம் இருக்கிற நாய்களுக்கு வெளிய வரும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம். படூர் மாநகராட்சி எல்லைக்குள்ள வராது. ஆனா பிரிவு 291 நாடு முழுக்க ஒண்ணுதான். மாநகராட்சி விதி இங்க இல்லன்னு கயிறை அவிழ்த்து விட முடியாது.

கடி பட்டுடுச்சு. அடுத்த 15 நிமிஷம்

இந்தப் பகுதியை மட்டும் வீட்ல இருக்கிறவங்களுக்கும் அனுப்பி வைங்க.

குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவணும். 15 நிமிஷம்னா நிஜமாவே 15 நிமிஷம், போன்ல டைமர் வைங்க. ரேபிஸ் வைரஸோட மேல் உறையில கொழுப்பு இருக்கு. சோப்பு அதை உடைக்கும். ஓடுற தண்ணி காயத்துல இருக்கிற எச்சிலை அடிச்சுட்டுப் போகும். ஊசி போடறதுக்கு முன்னாடி, உங்க கையாலயே செய்யக்கூடிய பெரிய சிகிச்சை இதுதான். அப்புறம் பொவிடோன் அயோடின் மாதிரி கிருமிநாசினி இருந்தா போடலாம்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி, எண்ணெய், எதுவும் வைக்காதீங்க. இறுக்கிக் கட்டாதீங்க. வேர் கட்டறது, மந்திரிக்கிறதுன்னு நேரத்தை விடாதீங்க. உடனே தையல் போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீங்க, நாய்க்கடியில அதை முடிஞ்சவரைக்கும் தள்ளித்தான் போடுவாங்க.

கழுவினதும் அன்னைக்கே மருத்துவமனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல தடுப்பூசி இலவசம். படூர்க்காரங்களுக்குப் பக்கத்துல கேளம்பாக்கத்துல இருக்கு. பெரிய காயம்னா நேரா செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்குப் போறது நல்லது.

டாக்டர்கள் காயத்தை மூணு வகையா பிரிப்பாங்க. முதல் வகை, நல்லா இருக்கிற தோலை நாய் நக்கினது. கழுவினா போதும், ஊசி வேண்டாம். ரெண்டாவது, ரத்தம் வராத கீறல், லேசா பல் பட்டது. தடுப்பூசி வேணும். மூணாவது, தோல் கிழிஞ்சு ரத்தம் வந்தது, இல்ல புண் மேலயோ வாய், கண்ணுலயோ எச்சில் பட்டது. இதுக்குத் தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலின்னு இன்னொரு மருந்தும் வேணும். அதைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடுவாங்க. தடுப்பூசி உங்க உடம்புல எதிர்ப்பு சக்தியை உருவாக்க சில நாள் எடுக்கும். அதுவரைக்கும் காவல் நிக்கிறது இந்த மருந்து. மருத்துவமனையில "எனக்கு இது எந்த வகை, இம்யூனோகுளோபுலின் வேணுமா?"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. அங்க இல்லன்னா எங்க கிடைக்கும்னு எழுதி வாங்கிட்டு அங்க போங்க.

ஊசி எத்தனை? தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு தாத்தா காலத்துக் கதை இன்னும் ஓடுது. ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச பழைய மருந்து அது. இந்தியாவுல அது நின்னு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்போ கையிலதான். தோலுக்குள்ள போடற முறைன்னா 0, 3, 7, 28-ஆம் நாள். தசையில போடற முறைன்னா 0, 3, 7, 14, 28-ஆம் நாள். முதல் ஊசி போடற நாள்தான் 0. நிறைய பேர் ரெண்டு ஊசியோட நிறுத்திடுறாங்க. காயம் ஆறினதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிறாங்க. வைரஸுக்கும் காயம் ஆறுறதுக்கும் சம்பந்தமே இல்ல. அது நரம்பு வழியா மெதுவா மூளைக்குப் போகும், பொதுவா ரெண்டு மூணு மாசம். முதல் ஊசி போட்ட அன்னைக்கே மீதித் தேதிகளை காலண்டர்ல போட்டு வைங்க.

கடிச்ச நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வாங்க. ஆனா "10 நாள் பாத்துட்டு ஊசி போடலாம்"னு இருக்காதீங்க. ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் கவனிக்கணும். குட்டி நாய் கடிச்சாலும், தடுப்பூசி போட்ட வீட்டு நாய் கடிச்சாலும், பூனை கீறினாலும் டாக்டரைப் பாருங்க. முன்னாடியே முழுசா ஊசி போட்டவங்களுக்கு மறுபடி கடிச்சா 0, 3-ஆம் நாள் ரெண்டு ஊசி போதும். அதனால பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீங்க, போட்டோ எடுத்து வைங்க.

குழந்தைங்க விஷயத்துல ஒண்ணு. திட்டு விழும்னு பயந்து கடி பட்டதையே மறைக்கிற குழந்தைங்க இருக்காங்க. "நாய் கடிச்சாலோ கீறினாலோ சொல்லு, யாரும் திட்ட மாட்டோம்"னு இன்னைக்கே சொல்லி வைங்க. இந்த ஒரு வாக்கியம் ஒரு உயிரைக் காப்பாத்தலாம்.

தெரு யாரோட பொறுப்பு?

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நாய் எதிர்ல வந்த பிறகு. அது வராம இருக்க என்ன பண்றது?

கேட்டட் கம்யூனிட்டில அடிக்கடி வர்ற யோசனை ஒண்ணு இருக்கு. "வண்டி வச்சு எல்லாத்தையும் பிடிச்சு, ஏதாவது கிராமத்துப் பக்கம் விட்டுடலாம்." நியாயமான பயத்துல வர்ற யோசனைதான். ஆனா என்ன நடக்கும்னு பாருங்க. பிடிச்ச இடத்துல சாப்பாடும் குப்பையும் அப்படியே இருந்தா புது நாய்ங்க வரும். விட்ட இடத்துல பழைய நாய்ங்களோட சண்டை வரும். இடம் தெரியாத, பசியில இருக்கிற, பயந்துபோன நாய் யாரைக் கடிக்கும்? காம்பவுண்ட் சுவர் இல்லாத வீட்டுக் குழந்தையை. நம்ம கடியை நாம அடுத்த ஊருக்கு அனுப்பி வச்சிருக்கோம், அவ்வளவுதான். சட்டப்படியும் அப்படிச் செய்யக் கூடாது.

கொன்னுட்டா தீந்துடுமா? அந்தப் பரீட்சை சென்னையில ஏற்கெனவே நடந்தது. மாநகராட்சி பல காலம் நாய்களைப் பிடிச்சுக் கொன்னுக்கிட்டுத்தான் இருந்தது. நாயும் குறையல, ரேபிஸும் குறையல. கருத்தடைதான் வழின்னு புளூ கிராஸ் 1964-லயே சொன்னது. மாநகராட்சி அதை ஏத்துக்கிட்டது 1996-ல. இன்னைக்கு நாடு முழுக்க நடைமுறையில இருக்கிறது விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாடு விதிகள், 2023. அதன்படி நாய்க்குக் கருத்தடை செஞ்சு, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, காதுல அடையாளத்துக்கு ஒரு வெட்டு வச்சு, பிடிச்ச இடத்துலயே விடணும். ஒரு பகுதியில 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டா அங்க ரேபிஸ் பரவுறது நிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க தெருவுல எத்தனை நாய்க்கு அந்தக் காது வெட்டு இருக்குன்னு நாளைக்கு எண்ணிப் பாருங்க. நிலைமை உங்களுக்கே புரிஞ்சிடும்.

உச்ச நீதிமன்றமும் இதுல இறங்கியிருக்கு. 2025 ஆகஸ்ட் 11-ல டெல்லியில எல்லாத் தெருநாயையும் காப்பகத்துல அடைக்கச் சொன்னது ஒரு உத்தரவு. ஆகஸ்ட் 22-ல மூணு நீதிபதிகள் அமர்வு அதை மாத்தினது: கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்துல விடலாம். ஆனா ரேபிஸ் இருக்கிற நாயையும், ஆக்ரோஷமான நாயையும் விடக் கூடாது. கண்ட இடத்துல சாப்பாடு போடக் கூடாது, அதுக்குன்னு ஒதுக்கின இடத்துலதான் போடணும். நவம்பர் 7-ல இன்னொரு உத்தரவு: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் இங்கெல்லாம் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அங்கேயே விடாம காப்பகத்துக்கு மாத்தணும்.

நாய்க்குச் சோறு போடுற நண்பர்களே, உங்களோட எனக்குச் சண்டை இல்ல. பசி இல்லாத, ஆள் பழகின நாயைப் பிடிச்சு ஊசி போடறது சுலபம். அதுக்கு உங்க உதவி இல்லாம முடியாது. ஆனா லிஃப்ட் வாசல், குழந்தைங்க விளையாடுற இடம், கேட், மாடிப்படி இங்கெல்லாம் போடாதீங்க. 2023 விதிகளும் அதைத்தான் சொல்லுது. சாப்பாடு போட்ட இடத்தை நாய் தன் இடம்னு காவல் காக்கும். அந்தக் காவலுக்கு நடுவுலதான் டெலிவரி தம்பி நடந்து வரணும்.

படூர்ல இருந்து யாரைக் கேக்கறது?

சென்னை மாநகராட்சி எல்லை ஓ.எம்.ஆர்.ல செம்மஞ்சேரியோட முடியுது. நாவலூர், சிறுசேரி, படூர் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அதனால மாநகராட்சியோட 1913-க்கு அடிச்சு பிரயோஜனம் இல்ல. படூர் ஒரு ஊராட்சி, திருப்போரூர் ஒன்றியத்துல வருது. கருத்தடைப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்போடது. பெரிய கட்டடங்கள் வந்துடுச்சு, ஆயிரக்கணக்குல ஆளுங்க வந்துட்டோம், நம்ம குப்பையும் வந்துடுச்சு. ஆனா நாய் பிடிக்கிற வண்டியும் ஆளும் மாநகராட்சி அளவுக்கு ஒரு ஊராட்சிகிட்ட இருக்காது. கேக்காம வராது.

எழுத்துல மனு கொடுங்க. ஊராட்சி அலுவலகத்துக்கு ஒண்ணு, திருப்போரூர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒண்ணு. பதில் இல்லன்னா, திங்கள்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துல நடக்கிற மக்கள் குறைதீர் கூட்டம். "நாய்த் தொல்லை"ன்னு பொதுவா எழுதாதீங்க. எந்தத் தெரு, எத்தனை நாய், எத்தனைக்குக் காது வெட்டு இருக்கு, எந்தத் தேதியில யாருக்குக் கடி, இறைச்சிக் கழிவு எங்க கொட்டுறாங்க, இதை எழுதுங்க. காயம் பட்ட, நோய்வாய்ப்பட்ட நாய்க்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.

இன்னொரு கதவு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாள்கள்ல கூடும். ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா நீங்களும் உறுப்பினர்தான். அப்பார்ட்மென்ட்ல இருக்கிற நம்மள்ல எத்தனை பேர் ஒரு தடவையாவது போயிருக்கோம்? வீட்டு வேலைக்கு வர்ற அக்காவும், பத்தாவது மாடியில இருக்கிற நீங்களும் ஒரே கோரிக்கையோட உக்காரக்கூடிய இடம் அது ஒண்ணுதான்.

கடைசியா, இந்த வாரம் செய்ய மூணு வேலை தர்றேன். ஒண்ணு, வீட்ல இருக்கிற எல்லாருக்கும், முக்கியமா குழந்தைங்களுக்கு, மரம் மாதிரி நிக்கிறதையும் சுருண்டு படுக்கிறதையும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. ரெண்டு, உங்க வீட்டுக்குக் கிட்ட எந்த மருத்துவமனையில தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் இருக்குன்னு விசாரிச்சு, குடியிருப்போட வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. செக்யூரிட்டி அறையிலயும் தமிழ்ல எழுதி ஒட்டுங்க, கூடவே ஒரு சோப்பும் வைங்க. மூணு, உங்க தெரு நாய்களை எண்ணி, அந்தக் கணக்கோட ஒரு மனு எழுதுங்க.

மனு எழுதினவங்க எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்க. என்ன பதில் வந்ததுன்னு வேற ஒரு எபிசோட்ல பேசலாம். பத்திரமா வீடு போய்ச் சேருங்க.